பாறை மாடுகளுக்கு வெள்ளை எனாமல்

விளாத்திகுளத்துக்கு வடமேற்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் ஒரு மலை இருக்கிறது. மலை என்பது அந்த ஊர்க்காரர்கள் அதற்குக் கொடுத்திருக்கும் மரியாதை. குற்றாலத்துப் பக்கம் போய்வந்தவர்கள் அதைப் பார்த்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எனக்குச் சிரிக்கத் தகுதி இல்லை. தூத்துக்குடியில் பிறந்து, உப்பளத்தில் குவித்து வைத்த உப்பையே குன்று என்று பார்த்து வளர்ந்தவன் நான். துறைமுகச் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் அலுவலகம் ஒன்றில் வேலை. வார இதழ்களுக்குச் சிரிப்புக் கட்டுரை எழுதுவது உபதொழில். இரண்டிலும் மூச்சு வாங்கவேண்டிய அவசியம் வந்ததில்லை. அந்த மலையில் பாதி ஏறுவதற்குள் வந்துவிட்டது.

ஏறவேண்டி வந்ததற்குக் காரணம் மிளகாய் வத்தல். கடற்கரைக் குடும்பங்களில் வருஷத்துக்கு ஒருமுறை வத்தலை மொத்தமாக வாங்கி, மொட்டைமாடியில் காயவைத்து, மசாலாவுக்கு அரைத்து வைப்பது வழக்கம். எங்கள் வீட்டுக்கும் மச்சான் வீட்டுக்கும், அதாவது என் மனைவியின் அண்ணன் வீட்டுக்கும், பல வருஷங்களாக வத்தல் தருகிறவர், அந்த மலையடிவாரத்தில் விவசாயம் பார்க்கும் ஓர் அம்மாள். ஐம்பதை ஒட்டிய வயது. கணவர் இல்லை, நிலத்தை அவரேதான் பார்த்துக்கொள்கிறார். மூட்டையைப் பஸ்ஸில் போட்டுக் கொண்டுவருவார், எடை போடுவார், காப்பி குடித்த டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் புறப்படுவார். அதிகம் பேசி நான் கேட்டதில்லை.

அந்த வருஷம் டம்ளரைக் கழுவிய பிறகும் அவர் புறப்படவில்லை.

"அண்ணாச்சி, நீங்க பத்திரிகையில எழுதுறீகளாமே."

என் மனைவி சொல்லியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த விஷயத்தைப் பெருமையாகச் சொல்வதில்லை. அவருக்குக் கொஞ்சம் சர்க்கரை இருக்கிறது என்பார்களே, அந்தத் தொனியில்தான் சொல்வார்கள். ஒப்புக்கொண்டேன்.

அவர் சொன்னது இதுதான். அந்த மலையில் கல் எடுக்க ஒரு காண்டிராக்டர் அனுமதி வாங்கிக்கொண்டிருக்கிறார். மலையின் காலடியில் அவருடைய கிணறு. பாறைக்கு அடியில் ஏதோ ஓர் ஊற்றுக்கண்ணிலிருந்துதான் அதற்குத் தண்ணீர் வருகிறது. சுற்றுவட்டாரத்துக் கிணறுகளெல்லாம் சித்திரையில் வாயைத் திறந்துகொண்டு கிடக்க, அவருடையதில் மட்டும் இடுப்பளவு நிற்கும். பக்கத்து ஊரில் வெடி வைத்தார்கள். அங்கிருந்த கிணற்றின் ஊற்று எங்கோ திரும்பிப் போய்விட்டது. இங்கேயும் வெடி வைத்தால் அதே கதை. கிணறு போனால் மிளகாய் போகும், மிளகாய் போனால் அவர் ஊரைவிட்டுப் போகவேண்டியதுதான்.

ஆனால் பாறையில் பழைய காலத்துச் செதுக்கல்கள் இருக்கின்றன. மாடு, மனுஷன் எல்லாம் இருக்கிறதாம். அதைச் சொல்லி மனுப் போட்டிருந்தார். தொல்லியல் துறையிலிருந்து ஓர் அதிகாரி பார்க்க வரப்போகிறார். பழசுதான் என்று அவர் எழுதிக்கொடுத்துவிட்டால் யாரும் பாறையில் கை வைக்க முடியாது. அதற்கு முன்னால் நான் வந்து பார்த்து நாலு வரி எழுதினால் மனுவுக்கு ஒரு பலம்.

நான் எழுதிய நாலு வரியால் இதுவரை யாருக்கும் எந்தப் பலமும் வந்ததில்லை என்பதைச் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. சொல்ல வெட்கப்பட்ட இன்னொரு விஷயமும் இருந்தது. எங்கள் கடற்கரையைக் கடல் அரித்துக்கொண்டிருந்தது. கடலுக்குள் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு கட்டித் தரவேண்டும் என்று கேட்டு நடந்த உண்ணாவிரதத்தில் நானும் மச்சானும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். கல் எங்கிருந்து வரும் என்று பந்தலில் யாரும் யோசிக்கவில்லை. அது ஏதோ மலையிலிருந்து வரும் என்று பொதுவாகத் தெரியும். அந்த மலைக்கடியில் வத்தல்கார அம்மாளின் கிணறு இருக்கும் என்று தெரியாது.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. மச்சானைக் கூப்பிட்டேன்.

மச்சான் என் வயதுக்காரர். பழைய துறைமுகத்துப் பக்கம் தோணிகளுக்கும் விசைப்படகுகளுக்கும் பெயிண்ட் விற்கிற கடை வைத்திருக்கிறார். அவருடைய காரின் பின்பக்கத்தில் எப்போதும் நாலைந்து டப்பா எனாமலும் பிரஷ்களும் தின்னர் பாட்டிலும் உருண்டுகொண்டிருக்கும். அவரைப் பற்றிச் சொல்லுமுன் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் எதை மதிக்கிறோமோ அதற்குப் பெயிண்ட் அடிப்போம். திருவிழாவுக்குக் கொடியேறுவதற்கு முன் கோயில், கொடிமரம், தெருமுனையில் சிலுவை வைத்த குருசடி, தோணி, வள்ளம் எல்லாம் புதுப் பெயிண்ட்டில் மின்னவேண்டும். நானூறு ஐந்நூறு வருஷத்துச் சுவராக இருந்தாலும் போன வாரம் கட்டியதுபோல் இருந்தால்தான் எங்களுக்குத் திருப்தி. ஒரு பொருள் பழசாகத் தெரிந்தால் அதற்கு நாதி இல்லை என்று அர்த்தம்.

காலை ஏறுவெயிலில் வந்தால் செதுக்கல் நன்றாகத் தெரியும் என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தார். எட்டயபுரத்தில் காப்பி, விளாத்திகுளத்தில் இன்னொரு காப்பி என்று நான் நேரத்தைக் கழித்ததில் போய்ச் சேரும்போது உச்சி வெயில். வண்டிப்பாதை முடிகிற இடத்தில் காரை விட்டுவிட்டு, உடைமரங்களுக்கு நடுவே நடந்து, அப்புறம் ஏறினோம். அந்த அம்மாள் முன்னால் போனார். நான் இரண்டு இடத்தில் இயற்கைக் காட்சியை ரசிப்பதற்காக நின்றேன். அங்கே இயற்கைக் காட்சி எதுவும் இல்லை.

மேலே ஒரு யானை படுத்திருப்பதுபோல் சரிந்த பாறை. "இந்தா, இங்கனதான்" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் குனிந்து விரலால் காட்டிய பிறகு, கல்லின் மேல் கல்லால் கொத்திக் கொத்திப் போட்ட கோடுகள் மெதுவாகக் கண்ணுக்குப் பிடிபட்டன. திமில் உள்ள இரண்டு மாடுகள். கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஒரு மனிதன். அவன் பக்கத்தில் வளைந்த கோடு ஒன்று, அதன் நடுவில் நேர்கோடு ஒன்று.

நான் படித்தவன். படித்ததையெல்லாம் சொன்னேன். இரும்புக்காலம் என்றேன், அதற்கும் முன்னால் இருக்கலாம் என்றேன், மேய்ச்சல் சமூகம் என்றேன். அந்த அம்மாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, நான் முடிக்கிறவரை பொறுத்திருந்து, "இத எழுதிருங்க" என்றார். மச்சான் எதையும் கேட்கவில்லை. அவர் அந்த வளைந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், இது தோணில்லா."

கடலுக்கு இவ்வளவு தூரத்தில் எவன் தோணி செதுக்கியிருப்பான் என்று கேட்டேன். பார்த்தவன்தான் செதுக்கியிருப்பான் என்றார் மச்சான். இது வாதமே இல்லை. ஆனால் மறுக்கவும் முடியவில்லை.

இறங்கும்போது அவர் முகத்தில் கவலை வந்திருந்தது. அதிகாரி நாளை மறுநாள் வருகிறார். எத்தனை மணிக்கு என்று மச்சான் அந்த அம்மாளிடம் விசாரித்தார். அவருக்குத் தெரியாது. மச்சான் என் பக்கம் சாய்ந்து தாழ்ந்த குரலில், "ஆபீசர் எவன்வே விடியக்காலம் எந்திரிச்சு இங்கன வரப்போறான்? நம்மள மாதிரி மத்தியானந்தான் வருவான். ஒண்ணும் தெரியாது. ஒண்ணுமில்லன்னு எழுதிட்டுப் போயிருவான். பாவம் இந்தப் பொம்பள" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அம்மாள் வீட்டில் சாப்பாடு. கம்பஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும். கருவாடு எங்கள் ஊரிலிருந்து போனது. மச்சான் அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு, காரில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று எழுந்து போனார். நான் உண்ட களைப்பில் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தேன். எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மச்சான் வாசலில் நின்றார். விரல்களெல்லாம் வெள்ளை.

ஓடினோம் என்று எழுதினால் அழகாக இருக்கும். அந்த அம்மாள் ஓடினார். நான் பின்னால் போனேன்.

பாறையில் இரண்டு மாடுகளும் பளிச்சென்று நின்றன. கொம்பு, திமில், வால் எல்லாம் வெள்ளை எனாமலில், கோடு பிசகாமல். மனிதன் வெள்ளையாகக் கையைத் தூக்கியிருந்தான். வளைந்த கோடு தோணியாகியிருந்தது. அதன் மேல்விளிம்பில் ஒரு நீலப் பட்டை, எங்கள் ஊர்த் தோணிகளுக்கு அடிப்பதுபோலவே. உண்மையைச் சொன்னால், வேலை சுத்தமாக இருந்தது.

எனக்கு முதலில் வாயில் வந்த கேள்வி: "சிலுவை போட்டியாலே?"

"அணியத்துக்கிட்ட கை போச்சு. நிறுத்திட்டேன்" என்றார் மச்சான். அணியம் என்பது தோணியின் முன்பகுதி. அங்கே சிலுவை இல்லாமல் எங்கள் பக்கம் எந்தத் தோணியும் கடலுக்குப் போகாது.

பழசு என்று நிரூபிக்கவேண்டிய ஒன்றைப் புதுசாக்கிவிட்டோம் என்பதை அவருக்கு விளக்கினேன். அவர் முகம் மெல்ல மெல்ல விழுந்தது. "தெரியட்டும்னுதான் மச்சான்" என்றார். பிறகு கீழே போய்த் தின்னரைக் கொண்டுவந்தார். ஒரு மாட்டின் வாலில் துணியால் தேய்த்தார். வால் கரைந்து பின்னங்கால் வரை வெள்ளையாகப் பரவியது.

அந்த அம்மாள் துணியை வாங்கிக்கொண்டார். "போதும் அண்ணாச்சி. தொடாதீக" என்றார். குரல் உயரவில்லை. திட்டியிருந்தால் நாங்கள் இரண்டு பேரும் நிம்மதியாக ஊர் திரும்பியிருப்போம்.

அதிகாரி வந்த அன்று நாங்களும் போனோம். போகாமலிருக்க என்னிடம் நல்ல காரணங்கள் இருந்தன; மச்சானுக்கு அவை எதுவும் பிடிக்கவில்லை. அதிகாரி முப்பது வயதுக்குள் இருந்த தம்பி. காலை ஏழு மணிக்கே வந்து காத்திருந்தார். ஏறுவெயில் பார்த்து வந்ததாகச் சொன்னார். மச்சான் தரையைப் பார்த்தார்.

பாறை முன்னால் அந்தத் தம்பி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கையில் கொண்டுவந்த பூதக்கண்ணாடியை வெளியே எடுத்தார், திரும்ப உறையில் போட்டார்.

"யார் சார் இதப் பண்ணுனது?"

"நாந்தான் தம்பி" என்றார் மச்சான். "நல்ல பெயிண்ட்டு. உப்புத் தண்ணியிலயே நிக்கும்."

"அதுதான் சார் பிரச்சினையே."

கோட்டின் அடித்தளமும் அதில் படிந்த நிறமும் தெரிந்தால்தான் காலத்தைப் பற்றி ஏதாவது சொல்லமுடியும், இப்போது இது நேற்றுச் செதுக்கியதா இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் செதுக்கியதா என்று யாராலும் எழுதித் தரமுடியாது என்று விளக்கினார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். இப்போதைய நிலையில் கருத்துக் கூற இயலவில்லை என்று அறிக்கை போனது. காண்டிராக்டருக்கு அனுமதி வந்தது. நான் எழுத ஆரம்பித்திருந்த நாலு வரியில் இரண்டாவது வரி எங்கள் மச்சானைப் பற்றி இருக்கவேண்டியிருந்ததால், முதல் வரியோடு நிறுத்திவிட்டேன். மச்சான் ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் வீட்டில் சொன்னார்கள். கடைக்குப் போனால், யார் என்ன நிறம் கேட்டாலும் எதற்கு அடிக்கப்போகிறீர்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு நாள் அந்த அம்மாளிடமிருந்து போன் வந்தது. மச்சானிடம்தான் பேசவேண்டும் என்றார். மச்சான் போனை ஸ்பீக்கரில் போட்டு என் பக்கம் தள்ளிவிட்டு, அடிவாங்கக் காத்திருப்பவர்போல் உட்கார்ந்தார்.

பாறையில் குழி போடுகிற கம்ப்ரஸர் வண்டி வந்ததாம். ஆட்கள் வடக்கே ஏதோ மாவட்டத்துக்காரர்கள். மலையடியிலிருந்து நிமிர்ந்து பார்த்திருக்கிறார்கள். உச்சி வெயிலிலும் பாறையில் வெள்ளைவெளேரென்று உருவங்கள். மிஷின் ஓட்டுகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டாராம். புதுப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிற சாமி மேல் குழி போட என்னால் ஆகாது, எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கிறது என்று வண்டியை நிறுத்திவிட்டார். காண்டிராக்டர் வந்தார். அவரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினாராம். இறங்கி நேரே அந்த அம்மாளின் கிணற்றுமேட்டுக்கு வந்து, இது உங்கள் ஊர்ச் சாமியா என்று கேட்டிருக்கிறார்.

"நீங்க என்ன சொன்னிய?" என்று கேட்டார் மச்சான்.

"சாமின்னு சொல்லல அண்ணாச்சி. இல்லன்னும் சொல்லல. பெயிண்ட் அடிச்சு ஒரு மாசந்தான் ஆவுதுன்னேன்."

காண்டிராக்டர் தேங்காய் வாங்கிவரச் சொல்லி உடைத்துவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். சில மைல் தள்ளி வேறொரு பாறையைப் பிடித்துக்கொண்டார் என்று கேள்வி. எங்கள் கடற்கரையில் தூண்டில் வளைவும் பிற்பாடு கட்டி முடிந்தது. அந்தக் கல் எந்த மலையிலிருந்து வந்தது, அதன் காலடியில் யார் கிணறு இருந்தது என்று நான் விசாரிக்கவில்லை. மாலையில் அதன்மேல் நடக்கப் போகிறேன். காற்று நன்றாக வருகிறது.

தொல்லியல் தம்பி எங்களை விடவில்லை. சில மாதங்கள் கழித்து எனக்குப் போன் செய்தார். எனாமலைக் கல்லுக்குச் சேதமில்லாமல் எடுக்கிற ஆட்கள் துறையில் இருக்கிறார்கள், மேலே பேசியிருக்கிறேன் என்றார். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. படித்தவனுக்கு மனசாட்சி உறுத்தல் தீர்வது பெரிய விஷயம். மூன்று பேருமாகக் கிளம்பிப் போனோம்.

பாறையில் இப்போது மாடுகளின் நெற்றியில் குங்குமம் இருந்தது. பக்கத்தில் இரும்புக் குழாய் ஊன்றி ஒரு மணி கட்டியிருந்தார்கள். அதில் உபயம் என்று காண்டிராக்டரின் கம்பெனிப் பெயர். கீழே கிணற்றில் மோட்டார் ஓடுகிற சத்தம் மேல்வரைக்கும் கேட்டது.

தம்பி அந்த அம்மாளிடம் பொறுமையாகச் சொன்னார். கழுவி எடுத்து, ஆராய்ந்து, பாதுகாக்கப்பட்ட இடம் என்று அறிவித்துப் போர்டு வைத்துவிட்டால், அப்புறம் எந்தக் காலத்திலும் இங்கே யாரும் வெடி வைக்கமுடியாது.

"கழுவுனதுலேர்ந்து போர்டு வைக்க எம்புட்டு நாளாவும் தம்பி?"

"ஒரு வருஷம் ஆகலாம்மா. கூடவும் ஆகலாம். உறுதியாச் சொல்ல முடியாது."

"அதுவரைக்கும் கல்லுல சாமியும் இருக்காது, ஒங்க போர்டும் இருக்காது."

தம்பி உபயம் எழுதிய மணியைப் பார்த்தார்.

"போர்ட வச்சிட்டுக் கழுவுங்களேன்" என்றார் அம்மாள்.

"கழுவுனாத்தாம்மா போர்டு."

நான் இடையில் புகுந்து, இது அவருடைய கிணறு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை, மனித குலத்தின் சொத்து என்ற பொருளில் ஒன்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். வத்தல் எடை போடும்போது தராசு முள்ளைப் பார்ப்பதுபோல் இருந்தது. தம்பியிடம் திரும்பி, "நீங்க போர்டுக்கு எழுதிக்கிட்டே இருங்க தம்பி. வர்ற அன்னைக்கு நானே தண்ணி மோந்து தாரேன், கழுவுங்க" என்றார். தம்பி சரி என்றார். அவர் இன்னமும் எழுதிக்கொண்டிருக்கிறார். வேறு மாவட்டத்துக்கு மாற்றலான பிறகும் எழுதுகிறார்.

அன்று திரும்பி வருகிற வழியில் மச்சான் வண்டியை ஓரங்கட்டினார். டயர் பஞ்சரோ என்று நினைத்தேன்.

"மச்சான், ஒரு தப்பு நடந்துபோச்சு."

ஒன்றுதானா என்று கேட்டேன்.

"பிரைமர் அடிக்கல. கல்லுல நேரா எனாமல அடிச்சிட்டேன். ரெண்டு மழ தாங்காது, உரிஞ்சிரும். உரிஞ்சா அவன் மிஷின கொண்டாந்துருவாம்லா."

அந்த இடத்திலிருந்தே அந்த அம்மாளுக்குப் போன் போட்டுச் சொன்னார். அவர் மாதங்களை எண்ணுவது போனில் கேட்டது. பிறகு, ஐப்பசி மழைக்கு முன்னால் வந்து ஒழுங்காக அடித்துக் கொடுத்துவிடுங்கள் என்றார்.

புரட்டாசிக் கடைசியில் போனோம். மச்சான் இந்தத் தடவை எல்லாவற்றையும் கொண்டுவந்திருந்தார்: பிரைமர், எனாமல், புது பிரஷ், கட்டுக்கட்டாக உப்புத்தாள். உப்புத்தாளைப் பிரித்ததும் நான் அவர் கையைப் பிடித்தேன். இரும்பையும் மரத்தையும் தேய்த்துச் சொரசொரப்பாக்குவதற்கு உள்ளது அது. அதைப் போட்டு அழுத்தித் தேய்த்தால் பெயிண்ட்டோடு கொத்திய கோட்டின் விளிம்பும் மழுங்கிப்போகும். சொன்னேன்.

"தேய்க்காம பிரைமர் பிடிக்காது மச்சான்" என்றார். தொழிலில் அவர் பொய் சொல்லமாட்டார்.

அம்மாள் ஒரு தாளை வாங்கி உள்ளங்கையில் உரசிப் பார்த்தார். "தேய்ச்சா மாடு போயிருமா?" என்று என்னைக் கேட்டார்.

"இப்பவே போகாது. வருஷா வருஷம் தேய்ச்சா போயிரும்."

"அப்ப வேண்டாம்" என்று தாளை மச்சானிடம் திருப்பிக் கொடுத்தார். "அந்தத் தம்பி என்னைக்காவது போர்டோட வந்து நின்னா, கழுவுறதுக்கு அடியில மாடு இருக்கணும்லா. மேலோட அடிங்க அண்ணாச்சி. உரிஞ்சா மறுவருசம் அடிச்சிக்கிடலாம்."

மச்சானுக்கு அது தொழில் ரீதியாக அவமானம்தான். ஆனாலும் அடித்தார். உரிந்த இடங்களில் மட்டும், மெல்லிய பிரஷ்ஷால், நாக்கைக் கடித்துக்கொண்டு. நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தோணியின் நீலப் பட்டையையும் விடவில்லை. அது என்ன என்று இதுவரை யாரும் கேட்கவில்லையாம். சாமியின் வாகனம் என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

இறங்கினோம். மச்சான் மண்ணெண்ணெய் டப்பாவையும் பிரஷ்களையும் எடுத்துக்கொண்டு, கழுவுவதற்காகக் கிணற்றுமேட்டுத் தொட்டிப் பக்கம் திரும்பினார். அந்த அம்மாள் குறுக்கே வந்து நின்றுவிட்டார்.

"கெணத்துப் பக்கம் கொண்டுபோகாதீக. ரோட்டுக்குப் போயிருங்க."

ரோடு என்று அவர் சொன்னது தார் ரோட்டை. அது நாங்கள் காரை விட்ட இடத்தையும் தாண்டி இருந்தது. மச்சான் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டார். பிரஷ்களை என்னிடம் கொடுத்தார். கரிசல் மண்ணில் சொட்டு விழாமல் அவற்றைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பெயிண்ட் கைப்பிடி வழியாக இறங்கி முழங்கை வரைக்கும் வந்தது. திரும்பிப் பார்த்தேன். நாங்கள் உடைமரங்களைத் தாண்டுகிறோமா என்று அவர் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.